பதினான்காவது நிமிடத்து நிஷாதம்

ரங்கராஜுலு சார் அந்த மாதத்தில் ஏழாவது முறையாகக் கடைக்குள் நுழைந்தபோது, நான் கவுன்டருக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். ஐம்பது வயதுப் பெண்பிள்ளைக்கு இது அழகில்லைதான். என்ன செய்ய, வேறு வழி தெரியவில்லை.

"என்னத்தைத் தேடறீங்க அம்மிணி? மெதுவாத் தேடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, டெமோ அறையின் சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவசரமில்லை. அதுதானே தொந்தரவே!

கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் இருபத்து மூன்று வருடமாக ஆடியோ கடை நடத்துகிறேன். இப்போது நான் விற்பது பெரும்பாலும் ஸ்ட்ரீமர்கள். பாட்டுக் கம்பெனியின் கிடங்கிலிருந்து இணையம் வழியாகப் பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அதை வாங்க வருகிறவர்களிடம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. கோஆக்சியல் ஒயர் வழியாக எடுத்தால் பாட்டில் சூடு இருக்குமாம். ஆப்டிகல் வழியாக எடுத்தால் சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் இருக்காதாம். யுஎஸ்பி என்றால் இரைச்சலாம். ஒருவர் சுவரில் பிளக் மாட்டும் திசையை மாற்றிவிட்டு மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பி இப்போதுதான் பேசுகிறது என்றார். நானும் ஆமாம் சார் என்றேன். பிழைப்பு அப்படி.

ரங்கராஜுலு சார் இந்த ரகங்கள் எதிலும் சேரவில்லை. ஸ்பின்னிங் மில்லில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. ஒன்றரை வருடம் முன்பு என்னிடம்தான் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கிப் போனார். வருவார், ஒரு ஸ்ட்ரீமரைக் காட்டச் சொல்வார், பாட்டுக் கம்பெனியில் தன் பெயரில் உள்ள ஐடியை அதில் போடுவார். எப்போதும் ஒரே பதிவு. யாரோ ஒரு பெண் பாடிய கல்யாணி ராக ஆலாபனை. எப்போதும் பதினான்காவது நிமிடம். கண்ணை மூடிக் கேட்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார். "இப்ப ஒருக்கா கோஆக்சியல்ல போடுங்க அம்மிணி." கேட்பார், எழுதுவார். "ஆப்டிகல்?" எழுதுவார். "யுஎஸ்பி? வைஃபை வேண்டாம், ஒயர்லயே இண்டர்நெட் குடுத்தா?" எழுதுவார். இரண்டு மணி நேரம் கழித்து, "இதுலயும் இல்லீங்க" என்று எழுந்து போய்விடுவார்.

அன்று கடையின் ஆக உசத்தியான ஜப்பான் பெட்டியைக் கேட்டார். வேண்டுகிற ஒயர்களையெல்லாம் மாற்றி மாற்றிக் குத்தினேன். அந்தக் கல்யாணி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. நான்காவது முறை கேட்டு முடித்து அவர் நோட்டை எடுத்தபோது எட்டிப் பார்த்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் பெட்டியின் பெயர், ஒயரின் பெயர், எதிரே 'இல்லை'. எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"சார், எது இல்லைங்கறீங்க? இதைவிடத் துல்லியமான மெஷின் இந்த ஊர்லயே கெடையாது. அந்தப் புள்ள மூச்சு வாங்கறது கேக்குது, தம்புராவுக்குப் பக்கத்துல யாரோ இருமறது கேக்குது. இன்னும் என்னதான் கேக்கணும் உங்களுக்கு?"

அவர் நோட்டை மூடினார். "தப்பு கேக்கணுங்க அம்மிணி" என்றார்.

"என்னது?"

"அந்தப் புள்ள பதினாலாவது நிமிஷத்துல நிஷாதத்துல நிக்குது பாருங்க, அந்த 'நி' ஸ்வரம், அது ஒரு நூல் எறங்கிருச்சுங்களாம். எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது."

இருபத்து மூன்று வருடத்தில் தப்பைக் கேட்பதற்காக ஸ்ட்ரீமர் வாங்க வந்த ஒரே மனிதர் இவர்தான். டீ வரவழைத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

சிங்காநல்லூரில் அவரும் நண்பர்களும் சேர்ந்து நடத்தும் சின்ன இசை மன்றம் ஒன்று இருக்கிறது. வருடா வருடம் மார்கழியில் மூன்று நாள் கச்சேரி. கடைசி நாள் மாலைக் கச்சேரியை யாராவது ஒரு இளம் பாடகருக்குக் கொடுப்பார்கள். அதில் பாடியவர்களை அடுத்த வருடம் வெளியூர் சபாக்கள் கூப்பிடும். போன வருடம் மிருதுளா என்ற பொள்ளாச்சிப் பெண் விண்ணப்பித்திருந்தாள். உடுமலையில் பாடிய கச்சேரியின் பதிவைப் பாட்டுக் கம்பெனியில் ஏற்றி, அதன் லிங்கை அனுப்பியிருந்தாள். கமிட்டியில் இருந்தவர்கள் அதை அவரவர் வீட்டில் கேட்டார்கள்.

"நான் கேட்டு அழுதுட்டனுங்க. அப்படி ஒரு கல்யாணி. ஆனா அவிநாசி அதுல நிஷாதம் விலகுதுன்னு சொன்னான். நான் இல்லவே இல்லைன்னேன். உனக்குக் காது போச்சுய்யான்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டான்."

அவிநாசியப்பன் சார் எனக்குத் தெரிந்தவர்தான், என் வாடிக்கையாளர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். முப்பது வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வுத் தாள் திருத்தியவர். வாங்கிய ஸ்ட்ரீமரில் மாதம் ஒரு குறை கண்டுபிடித்து என் உயிரை எடுப்பவர்.

"அந்தப் புள்ளைக்குக் கச்சேரி குடுக்கல. குடுக்காததோட விட்டானுங்களா? ஏன் குடுக்கலைன்னு காரணம் எழுதி அனுப்பினான். பதினாலாவது நிமிஷம், இருபதாவது செகண்டு, நிஷாதம் சுருதி விலகல்னு. நான் கமிட்டிய விட்டு வெளிய வந்துட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணா கச்சேரிக்குப் போனவங்க நாங்க. பேச்சு வார்த்தை இல்லை."

"அப்ப அவர் சொன்னது தப்புன்னு நிரூபிக்கணும். அதானே சார்?"

"அதுதான் இல்லீங்க அம்மிணி. அந்தப் புள்ளை திருப்பி எழுதுச்சு. 'கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அந்த இடத்தில் இறங்கியிருக்கிறது. மன்னியுங்கள்'னு. பாடின புள்ளையே ஒத்துக்கிருச்சு. அப்பறம் பாடறதையே விட்டுருச்சுன்னு கேள்விப்பட்டேன்." டீ ஆறிப்போயிருந்தது. "காது டாக்டர்கிட்டப் போனேன். வயசுக்கு நல்ல காதுன்னாரு. அப்ப மெஷின்லதான் கோளாறு இருக்கோணும். அந்தத் தப்பு ஒரே ஒருக்கா கேட்டுப்போட்டா, போயி அவிநாசிகிட்ட மன்னிப்பு கேட்டுருவேன். இல்லைன்னா இனி எந்தக் கச்சேரிக்குப் போயி என்னத்தைங்க தலையாட்டறது? அது நல்லதான்னே எனக்குத் தெரியாதே."

எனக்கு எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது. ஆனால் அந்த ஆலாபனையை நானும் இருபது தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேனே. எனக்கும்தான் எதுவும் இறங்கவில்லை. நான் பாட்டுப் படித்தவளில்லை, ஆனாலும் சுருதி விலகினால் பல் கூசும்.

அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அவிநாசியப்பன் சாருக்கு போன் போட்டேன்.

"சார், உங்க மெஷின்ல ஒரு தப்பு இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. கடைக்கு வர முடியுங்களா?"

"நான்தான் அன்னைக்கே சொன்னனே!" என்றார் பெரும் குதூகலத்தோடு. இருபதே நிமிடத்தில் வந்துவிட்டார்.

வந்தவர் சோபாவில் இருந்த ஆளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். "இவரு எதுக்கு இங்க?"

"கஸ்டமர் சார். உக்காருங்க."

"அவரை அந்தப் பக்கம் நகரச் சொல்லுங்க."

"நகர முடியாதுன்னு சொல்லுங்க அம்மிணி" என்றார் ராஜுலு சார்.

இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்தேன். இருவர் வயதையும் கூட்டினால் நூற்று நாற்பத்தாறு. புத்தியைக் கூட்டினால் எல்.கே.ஜி. தாண்டாது.

"அவிநாசியப்பன் சார், உங்க ஐடியை இந்த மெஷின்ல போடுங்க. அந்தப் பொண்ணோட கல்யாணியை வெய்ங்க" என்றேன்.

போட்டார். பெட்டி அதே பெட்டி. ஒயர் அதே ஒயர். ஸ்பீக்கரும் அறையும் அதே. பதினான்காவது நிமிடம் வந்தது. அந்தப் பெண் படிப்படியாக மேலே ஏறி நிஷாதத்தில் நின்றாள். என் பல் கூசியது.

இறங்கியது. ஒரு நூல்தான். ஆனால் சந்தேகமே இல்லாமல் இறங்கியது.

"பாத்தீங்களா!" என்று அவிநாசியப்பன் சார் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

ராஜுலு சார் எழுந்தே விட்டார். "கேட்டுச்சு! அம்மிணி, எனக்குக் கேட்டுச்சுங்க!" அவர் கண்ணில் தண்ணீர். பதினொரு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்டது. அப்படியே நண்பரின் பக்கம் திரும்பிக் கை கூப்பப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க சார். மன்னிப்பு கேக்கறதுன்னா அப்பறம் கேளுங்க" என்று நான் கத்தினேன்.

அவிநாசியப்பன் சாரின் ஐடியை எடுத்துவிட்டு மறுபடி ராஜுலு சாரின் ஐடியைப் போட்டேன். பதினான்காவது நிமிடம். நிஷாதம் ஆடாமல் அசையாமல் நின்றது. மீண்டும் அவர் ஐடி. இறங்கியது. மீண்டும் இவர் ஐடி. நின்றது.

ஒரு மாதமாக நான் ஒயரை மாற்றிக் குத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. எந்தப் பெட்டியிலும் எந்த ஒயரிலும் இவர் தன் ஐடியைத்தானே போட்டார்!

பாட்டுக் கம்பெனியின் தொழில்நுட்ப ஆள் தீபன், சென்னையில் இருக்கிறான். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு உதவி செய்வதுதான் அவன் வேலை. அவனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது செவிப்பொருத்தம் மேடம்" என்றான் சாதாரணமாக. "ரெண்டு வருஷமா இருக்கே. ஒவ்வொருத்தர் ரசனைக்கு ஏத்த மாதிரி பாட்டை லேசா மெருகேத்தித் தரும். ஒருத்தருக்கு வயலின் தூக்கலா வேணும், ஒருத்தருக்குக் குரல் கொஞ்சம் கனமா வேணும். அந்த மாதிரி."

"சுருதியக்கூட மாத்துமா?"

"ரொம்ப ரொம்ப லேசா. உங்க ராஜுலு சார் அபஸ்வரம் வந்தா பாட்டை நிறுத்திடற டைப். அவருக்கு எல்லாத்தையும் சுத்தமாத் தரும்."

"பாத்தியா? உனக்குத்தான் சரி பண்ணிக் குடுத்திருக்கு. ஒரிஜினல்ல தப்பு இருக்கு" என்றார் அவிநாசியப்பன் சார். பதினொரு மாதத்தில் நண்பரிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

"அவரு டேட்டாவையும் பாத்துடறேன், ஒரு நிமிஷம்" என்றான் தீபன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. "மேடம், ஸ்பீக்கரை ஆஃப் பண்றீங்களா?"

"முடியாது. சொல்லு."

"அந்த சார் எப்பல்லாம் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிறாரோ, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அஞ்சாறு தடவை ஓட்டிக் கேக்கறாரு. அன்னைக்கு வழக்கத்தைவிட ரெண்டு மணி நேரம் அதிகமாக் கேக்கறாரு. தப்பே இல்லாத கச்சேரின்னா பாதியில ஆஃப் பண்ணிடறாரு. ஒருத்தர் எதை ரசிக்கறார்ங்கறதை மெஷின் இப்படித்தான் மேடம் தெரிஞ்சுக்கும். எதைத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்களோ, அதுதான் புடிச்சதுன்னு எடுத்துக்கும்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "அதனால?"

"அதனால அவருக்குப் புடிச்சதைக் குடுத்திருக்கு."

"தப்பை உண்டாக்கிக் குடுத்துச்சுங்கறியா?"

"உண்டாக்கினதுன்னு சொல்ல முடியாது மேடம். இருக்கற ஸ்வரத்தைத் துளி நகர்த்தியிருக்கு. கச்சேரிக்கு ஒண்ணு, ரெண்டு. அதுக்கு மேல போனா அவருக்கே சலிச்சுடும்னு அதுக்குத் தெரியும்."

அவிநாசியப்பன் சாரின் விரல் இன்னமும் பாதி தூக்கியபடியே இருந்தது. அதை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைக் கேக்காமக் கொள்ளாம எப்படிடா செய்யலாம்?" என்று நான் எகிறினேன்.

"கேட்டுட்டுத்தான் மேடம். மெஷின் மாட்டும்போதே கேக்கும். 'உங்கள் ரசனைக்கேற்ப இசையை மெருகேற்றலாமா?'ன்னு வரும். ரெண்டு பேருக்குமே சம்மதம்னு டிக் ஆகியிருக்கு. உங்க கடையில இருந்துதான்."

அதற்குமேல் என்னால் எகிற முடியவில்லை. அந்தக் கேள்வி எனக்கு நன்றாகவே தெரியும். அதற்கு முன்னால் பதினாறு பக்கம் நிபந்தனைகள் வரும். வாடிக்கையாளர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். நான் சலிப்போடு, "ஒண்ணுமில்லை சார், வழக்கமா வர்றதுதான்" என்று சொல்லி எல்லாவற்றுக்கும் சம்மதம் அழுத்திவிடுவேன். இந்த இரண்டு பேருக்கும் நான்தான் அழுத்தினேன். என் கடையில் வாங்கிய அத்தனை பேருக்கும் நான்தான் அழுத்தினேன்.

உண்மையில் அந்தப் பெண் என்னதான் பாடினாள் என்று தெரிய ஒரே ஒரு வழி இருந்தது. உடுமலையில் அந்தக் கச்சேரிக்கு மைக் செட் போட்ட டேனியலைத் தேடிப் பிடித்தேன். எதையும் அழிக்காத புண்ணியவான். மூலப்பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு மறுநாள் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். பத்து மணிக்கு மூவரும் டெமோ அறையில் கூடினோம். ஸ்ட்ரீமரின் முதுகிலிருந்து இண்டர்நெட் கேபிளைப் பிடுங்கினேன். வைஃபையை அணைத்தேன். யார் ஐடியும் போடாமல் பென் டிரைவைச் செருகினேன்.

பாட்டுக் கம்பெனிக் கிடங்கிலிருந்து வந்ததைவிடக் கரடுமுரடாக இருந்தது. மின்விசிறி சத்தம், குழந்தை அழுகை, எங்கோ பஸ் ஹார்ன். அதற்கு நடுவில் அந்தப் பெண் ஏறி வந்தாள். பதினான்காவது நிமிடம், இருபதாவது செகண்டு. நிஷாதம் தண்டவாளம் மாதிரி நேராகப் போனது.

அவிநாசியப்பன் சார் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார். ஆறு தடவை.

"ராஜுலு" என்றார் கடைசியில். "நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தப்பு வேணும்னு இருந்திருக்கு. குடுத்திருக்கு."

"அது கெடக்குது விடுய்யா. அந்தப் புள்ளையப் போயி மொதல்ல பாக்கோணும்."

இந்த வருட மார்கழிக் கடைசி நாள் மாலைக் கச்சேரிக்கு இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லையாம். அவிநாசியப்பன் சார் அங்கேயே உட்கார்ந்து தன் கைப்பட அழைப்புக் கடிதம் எழுதினார். எழுதியதைத் தானே மூன்று தடவை படித்துப் பிழை தேடினார். பழக்கம் எங்கே போகும்! என் காரில் மூவரும் பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். வழி முழுக்க இருவரும் பழைய கச்சேரிகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். பதினொரு மாத பாக்கி. எனக்குத் தலைவலி வந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மிருதுளா தேங்காய் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான பெண். கையில் டிபன் டப்பாவோடு வெளியே வந்தவள், அவிநாசியப்பன் சார் தன் பெயரைச் சொன்னதும் பதறிப்போய், "ஐயா, நீங்க எதுக்குங்க இவ்ளோ தூரம்?" என்றாள். வளாகத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் சிமென்ட் பெஞ்ச் இருந்தது. அங்கே உட்கார்ந்தோம்.

அவிநாசியப்பன் சார் எதையும் மறைக்கவில்லை. செவிப்பொருத்தம், தன் ஐடி, தன் புத்தி, எல்லாவற்றையும் சொன்னார். "உம்மேல தப்பே இல்லை கண்ணு. நான் தப்பாக் கேட்டுத் தப்பா எழுதிப்போட்டேன்" என்று கடிதத்தை நீட்டினார். நான் சின்ன பிளேயரையும் ஹெட்போனையும் எடுத்துக் கொடுத்தேன். "மூலப்பதிவும்மா. டேனியல் குடுத்தது. இண்டர்நெட்டே கெடையாது இதுல. கேட்டுப் பாரு."

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அந்த இடம் வந்தபோது அவள் புருவம் சுருங்கியது, பிறகு மெல்லப் பிரிந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். முகம் மலர்ந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"நெம்ப நல்லாருக்குங்க. எனக்காகச் சரி பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கெல்லாம்" என்றாள்.

"சரி பண்ணலை கண்ணு! இதுதான் நீ பாடினது!" என்றார் ராஜுலு சார்.

"இல்லீங்கய்யா. நான் கேட்டிருக்கறனுங்க. ஐயாவோட லெட்டர் வந்தன்னைக்கு போன்ல போட்டுக் கேட்டேன். மொதல்ல எனக்கும் ஒண்ணும் தெரியலீங்க. எங்கயாச்சும் இருக்கும், நமக்குத்தான் புடிபடலைன்னு அந்த எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டனுங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கேட்டுச்சு. அப்பறம் தெளிவாவே கேட்டுச்சுங்க. எப்படிச் சரி பண்றதுன்னு பாக்கறதுக்காக ஒரு முன்னூறு தடவையாச்சும் கேட்டிருப்பேன். பாடிச் சாதகம் பண்ணும்போதும் அதே எடத்துல எறங்கும். சரி, நமக்கு வராதுன்னு விட்டுட்டேன்."

நான் அவள் போனைப் பார்த்தேன். பாட்டுக் கம்பெனியின் சின்னம் முகப்பிலேயே இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்கு அது என்ன கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் விளக்கினேன். கத்திக்கூட விளக்கினேன். உன் ஐடி, நீ அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டது, மெஷின் ஸ்வரத்தைத் துளி நகர்த்திப் பார்த்தது, ராஜுலு சார் மாதிரி நிறுத்தாமல் நீ இன்னும் அதிகமாகப் போட்டது, தப்புதான் உனக்குப் பிடிக்கும் என்று அது நினைத்துக்கொண்டது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பேங்கில் நிபந்தனைகளைப் படித்துக் காட்டும்போது தலையாட்டுகிறவர்கள் மாதிரி.

"நீங்க சொல்றது புரியுதுங்கக்கா. ஐயாவுக்கு ஒரு மாதிரி வருது, இந்த ஐயாவுக்கு ஒரு மாதிரி வருது, எனக்கு ஒரு மாதிரி வருது. இப்ப நீங்க கொண்டாந்தது இன்னொரு மாதிரி. இதுதான் நெசம்னு எதை வெச்சுங்க நான் நம்பறது?"

இருபத்து மூன்று வருடமாக, இதில் கேட்பதுதான் நிஜம் என்று சொல்லித்தான் ஒவ்வொரு பெட்டியையும் விற்றிருக்கிறேன்.

"மெஷினே வேண்டாம். பாடு கண்ணு" என்றார் அவிநாசியப்பன் சார். "இங்கயே பாடு. நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்காந்து கேக்கறோம். எறங்கினா எறங்குச்சுன்னு சொல்லுவேன். நான் யாருக்கும் தாட்சணியம் பாக்கறவன் இல்லைன்னு ஊருக்கே தெரியும்."

"பாடறதில்லைங்க இப்பல்லாம்."

"எங்களுக்காக இல்லைம்மா" என்றார் ராஜுலு சார். "ஒரே ஒருக்கா. அந்த எடம் மட்டும்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சாப்பிடப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. டிபன் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

பத்து மாதம் பாடாத குரல். முதலில் கொஞ்சம் கரகரத்தது. பிறகு வழி தெரிந்துகொண்டு ஏறியது. நான் விற்ற எந்த ஸ்பீக்கரிலும் நான் அப்படிக் கேட்டதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பஞ்சமத்தைத் தொட்டு, தைவதத்தில் சுற்றி, நிஷாதத்துக்கு வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் அவிநாசியப்பன் சாரின் விரலைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. பிறகு அவள் மேல் ஷட்ஜத்தில் போய்ச் சேர்ந்து மூச்சை விட்டாள்.

"சுத்தம்" என்றார் ராஜுலு சார்.

"சுத்தம் கண்ணு. இதுல தப்பு சொல்றவன் மனுசனே இல்லை" என்றார் அவிநாசியப்பன் சார்.

நானும் ஆமாம் என்றேன். என் பல் கூசவில்லை. அந்த மரத்தடியில் ஐடி எதுவும் இல்லை, ஒயர் எதுவும் இல்லை. நாங்கள் மூவரும் ஒரே நிஷாதத்தைத்தான் கேட்டோம்.

மிருதுளா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரியவர்கள் தன் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்கிறார்கள், பாவம் என்பதுபோல் லேசாகச் சிரித்தாள். கடிதத்தைப் பிரிக்காமலே அவிநாசியப்பன் சாரின் கையில் திருப்பி வைத்தாள்.

"பாத்தீங்களா, இப்பவும் அதே எடத்துலதானுங்க எறங்குது" என்றாள். "நெசமாவே உங்களுக்குக் கேக்கலீங்களா?"

நேரமாகிவிட்டது என்று சொல்லி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.